18446744073709551615: இதன் காரணிகளைக் கையால் கண்டுபிடிக்க வழி உண்டா?

இருமன் கேட்டது:

எண் 2^64 − 1, அதாவது 18446744073709551615. நம் முறையில் காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. குறியில்லாத 64 பிட் முழு எண்களில் இதுதான் பெரியது. 64 வட்டுகள் கொண்ட ஹனோய் கோபுரத்தை இடம் மாற்றத் தேவையான மிகக் குறைந்த நகர்த்தல்களும் இத்தனைதான்.

இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3-ஆல் வகுபட வேண்டும், 9-ஆல் வகுபடக் கூடாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் இதை 3-ஆல் வகுத்து மீதி கேட்டால் 1 வருகிறது. 2-ஆல் வகுத்தால் மீதி 0! 5-இல் முடியும் எண் எப்படி இரட்டைப்படை ஆகும்?

பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்று பட்டியல்களில் இருக்கிறது. 3, 5, 17, 257, 65537 ஒரே குடும்பம் போலத் தெரிகிறது. 641-உம் 6700417-உம் எங்கிருந்து வந்தன? கணினி இல்லாமல் இவற்றைப் பெற முடியுமா?

நிரல் எழுதுபவருக்கு இந்தக் காரணிகளால் ஏதாவது பயன் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

பகாவழி:

உங்கள் கூட்டல் சரி. ஜாவாஸ்கிரிப்ட் பார்த்த எண்தான் வேறு. அந்த மொழியின் சாதாரண எண்கள் 53 பிட் துல்லியம் கொண்ட மிதவைப் புள்ளி எண்கள். 2^53 வரை, அதாவது 9007199254740992 வரை, எல்லா முழு எண்களையும் அவை விடாமல் பிடிக்கும். அதற்கு மேல் இடைவெளி விழத் தொடங்கும். 2^63-க்கும் 2^64-க்கும் நடுவே, அடுத்தடுத்த இரண்டு மிதவை எண்களுக்கு இடையே 2048 வித்தியாசம். நீங்கள் கொடுத்த எண்ணுக்கு மிக அருகில் கிடைப்பது 18446744073709551616, அதாவது 2^64 தான். அதை 2-ஆல் வகுத்தால் மீதி 0, 3-ஆல் வகுத்தால் மீதி 1. நிரல் 2^64-க்குரிய விடையைத்தான் சொல்லியிருக்கிறது.

எவ்வளவு பெரிய முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ளும் பிக்இன்ட் வகைக்கு மாறுங்கள். அதிலும் ஒரு பள்ளம் உண்டு: எண்ணை வெறும் எண்ணாக எழுதி பிக்இன்ட்டுக்கு மாற்றினால், மாற்றம் நடக்கும் முன்பே அது 2^64 ஆகியிருக்கும். மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்து மாற்ற வேண்டும். எக்செலில் நிலைமை இன்னும் மோசம். 15 இலக்கங்களுக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. 18446744073709500000 என்று ஆக்கிவிடும்.

இனி காரணிகள். வர்க்க வித்தியாச வாய்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2^64 − 1 = (2^32 + 1)(2^32 − 1)
2^32 − 1 = (2^16 + 1)(2^16 − 1)
2^16 − 1 = (2^8 + 1)(2^8 − 1)

இப்படியே இறங்கினால் கடைசியில் மிஞ்சுவது 2 − 1 = 1. ஆகவே

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள்; 2^(2^க) + 1 என்ற வடிவம், க = 0 முதல் 5 வரை. நீங்கள் பார்த்த குடும்பம் இதுதான். முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். ஆறாவது எண்ணான 4294967297-ஐ 641 வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். பட்டியலில் குடும்பத்துக்குப் பொருந்தாமல் நிற்கும் இரண்டும் இதன் காரணிகளே: 4294967297 = 641 × 6700417.

641-ஐ எப்படித் தேடுவது? ப என்ற பகா எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று கொள்வோம். ப-ஆல் வகுத்து மீதி மட்டும் பார்த்தால் 2^32 ≡ −1, எனவே 2^64 ≡ 1. 2-இன் அடுக்குகளில் முதன்முதலாக 1 கிடைப்பது 64-ஆம் அடுக்கில்தான். 32-இல் −1 வந்துவிட்டதால் அதற்கு முன்னால் வர வழியில்லை. ஆகவே ப − 1-ஐ 64 மீதியின்றி வகுக்க வேண்டும். இது ஆய்லரின் நிபந்தனை. லூகாஸ் இதை இன்னும் இறுக்கினார். ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ப-ஐ மட்டாகக் கொண்டு 2 ஒரு வர்க்கம். அதன் வர்க்கமூலம் 128-ஆம் அடுக்கில்தான் முதன்முதலாக 1 ஆகும். ஆகவே ப = 128 × ம + 1.

இப்போது சோதிக்க வேண்டியவை 129, 257, 385, 513, 641 என்று போகும். 129 = 3 × 43, 385 = 5 × 77, 513 = 27 × 19; மூன்றும் பகு எண்கள், தள்ளிவிடலாம். 257 தானே ஒரு ஃபெர்மா எண். 4294967297 = 3 × 5 × 17 × 257 × 65537 + 2 என்பதால் 257-ஆல் வகுத்தால் மீதி 2. அதுவும் போயிற்று. அடுத்து நிற்பது 641. நிஜமாக வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே விடை!

அந்த வகுத்தலும் தேவையில்லை. 641 = 5 × 2^7 + 1, அதே 641 = 5^4 + 2^4. முதல் வடிவிலிருந்து 5 × 2^7 ≡ −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 ≡ 1. இரண்டாம் வடிவிலிருந்து 5^4 ≡ −2^4. அதை இதில் இட்டால் −2^32 ≡ 1, அதாவது 641 என்பது 2^32 + 1-ஐ வகுக்கும். எண்கணிதத்தில் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நிறைவாக முடியும் நிரூபணங்கள் குறைவு.

பிட்டெண்ணி:

நிரல் பக்கத்திலிருந்து சில. இந்த எண்ணை இருமத்தில் எழுதினால் 64 ஒன்றுகள். அதை அந்த ஆறு ஃபெர்மா எண்களால் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள்:

3-ஆல்: 6148914691236517205, இருமத்தில் 01 01 01 … 
5-ஆல்: 3689348814741910323, இருமத்தில் 0011 0011 … 
17-ஆல்: 1085102592571150095, இருமத்தில் 00001111 00001111 … 
257-ஆல்: 71777214294589695, எட்டுப் பூஜ்யம், எட்டு ஒன்று என்று மாறி மாறி
65537-ஆல்: 281470681808895, பதினாறு பதினாறாக
4294967297-ஆல்: 4294967295, முதல் 32 பூஜ்யம், பின் 32 ஒன்று

ஒரு சொல்லில் (கணினி ஒரே வீச்சில் கையாளும் பிட் தொகுதியில்) எத்தனை ஒன்றுகள் என்று எண்ணுவதற்கும், பிட்களைத் தலைகீழாகத் திருப்புவதற்கும் நாம் பயன்படுத்தும் முகமூடி மாறிலிகள், அதாவது வேண்டிய பிட்களை மட்டும் பிரித்தெடுக்கும் எண்கள், இவையேதான். அந்த மாறிலிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எல்லாப் பிட்டும் ஒன்றாக உள்ள எண்ணை 3, 5, 17 என்று வகுத்தால் எந்தச் சொல் அகலத்துக்கும் தானாகக் கிடைக்கும் (அகலம் 2-இன் அடுக்காக, தேவையான அளவு பெரிதாக இருந்தால் போதும்). எட்டு பைட்களை ஒரே பெருக்கலில் கூட்ட உதவும் 72340172838076673-உம் இதே வழிதான்: 255-ஆல், அதாவது 3 × 5 × 17-ஆல் வகுத்தது.

641-க்கும் 6700417-க்கும் தனி வேலை உண்டு. 32 பிட் குறியில்லாத மாறியில் இரண்டையும் பெருக்குங்கள், விடை 1. பெருக்கற்பலன் 2^32 + 1 என்பதால் மேல் பிட் வழிந்து போய் 1 மட்டும் நிற்கிறது. அதாவது 32 பிட் பெருக்கலில் இவை ஒன்றுக்கொன்று தலைகீழிகள். இன்னொன்று: ஒரு 32 பிட் எண்ணை 641-ஆல் வகுக்க, அதை 6700417-ஆல் 64 பிட்டில் பெருக்கி 32 இடம் வலப்பக்கம் தள்ளினால் ஈவு துல்லியமாகக் கிடைக்கும். பிழை 1/641-ஐ விடக் குறைவாகவே இருப்பதால் ஈவு ஒருபோதும் அடுத்த முழு எண்ணுக்குத் தாவாது. ஒரு மாறிலியால் வகுப்பதைப் பெருக்கலாக மாற்றும் தொகுப்பிகளின் உத்தி இது. சாதாரணமாக மாறிலியை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டியிருக்கும். இங்கே எண் தானாகவே பொருந்திவிடுகிறது.

காரணி தேடும் நிரலில் தவறுகள் நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

பைத்தானில் முழு எண்களுக்கு எல்லை இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை மிதவைக்குப் போய்விடும். 3-ஆல் அப்படி வகுத்து முழு எண்ணாக மாற்றினால் 6148914691236516864 கிடைக்கும். சரியான விடைக்கு 341 குறைவு. இரட்டைச் சாய்கோடு போட்டால் சரியாக வரும்.

சி மொழியில் வர்க்கமூலம் எடுத்து எல்லை வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலத்தின் முழுப் பகுதி 4294967295. மிதவையில் கேட்டால் 4294967296 வரும். அதை 64 பிட்டில் வர்க்கப்படுத்தினால் 0. வர்க்கமூலத்தை விட்டுவிட்டு "வகுத்தியின் வர்க்கம் ≤ எண்" என்று சுழற்சிக்கு நிபந்தனை வைத்தாலும் சிக்கல் தீராது. 4294967297-இன் வர்க்கம் 64 பிட்டில் 8589934593 ஆகச் சுருங்கிவிடுவதால் நிபந்தனை மறுபடி உண்மையாகி, சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். "வகுத்தி ≤ எண் ÷ வகுத்தி" என்று எழுதினால் வழியவே வழியாது.

வேடிக்கை என்னவென்றால் 18446744073709551615-ஐக் கொடுத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. 3, 5, 17, 257, 641 ஆகியவற்றை வகுத்து நீக்கிய பின் மிஞ்சுவது 439125228929 மட்டுமே. 65537 வந்ததும் மிச்சம் 6700417 ஆகி, சுழற்சி நின்றுவிடும். நிரலைச் சோதிக்க 18446744073709551557-ஐக் கொடுங்கள். அது 2^64-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண். பிழை இருந்தால் நிரல் திரும்பவே வராது.

இருமன்:

இருவருக்கும் நன்றி. முகமூடி எண்கள் இப்படிக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ஒன்று மட்டும் பாக்கி: 6700417 மேலும் உடையாது என்பதை எப்படி உறுதி செய்வது? 2588 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டுமா?

பகாவழி:

வேண்டாம். 6700417-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 4294967297-ஐயும் வகுக்கும். எனவே அதே 128 × ம + 1 நிபந்தனை இங்கும் செல்லும். 2588-க்குள் அந்த வடிவில் இருபது எண்கள்தான். அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197 ஆகியவை பார்வைக்குப் பகா எண்கள் போலத் தெரிந்து ஏமாற்றும்; மீதி எல்லாம் 3 அல்லது 5-இன் மடங்குகள்.

6700417-ஐ அந்த ஐந்தால் வகுத்தால் வரும் மீதிகள்:

257: 170
641: 44
769: 120
1153: 334
1409: 622

எதுவும் பூஜ்யம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஐந்தே வகுத்தல்கள், தாளில் கால் பக்கம் போதும்.

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே வகுத்திகள் மொத்தம் 2^7 = 128. இதில் ஒரு அழகு இருக்கிறது. பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போட்டு ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகும். முதல் 32 வரிகள் 4294967295-இன் 32 வகுத்திகளை ஒன்றுகூட விடாமல், ஏறுவரிசையில் தருகின்றன. ஃபெர்மா எண்களைப் பெருக்குவதும் முக்கோணத்தின் வரிகளைக் கட்டுவதும் இங்கே ஒரே செயல் என்பதுதான் காரணம். 64-ஆவது வரியில் எல்லாமே ஒற்றைப்படை. அதை இருமமாகப் படித்தால் நம் 18446744073709551615.

ஆனால் இங்கே ஒரு பிளவு வருகிறது. முதல் 64 வரிகளும் நம் எண்ணின் வகுத்திகள்தான். மற்ற 64 வகுத்திகள் முக்கோணத்தில் இல்லை. 641, 6700417 இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டவை அவை. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் முக்கோணமும் வகுத்திப் பட்டியலும் 64 வரிகள் வரை ஒன்றாகவே போயிருக்கும்.

இதற்கு வடிவியலிலும் ஒரு பொருள் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை கொண்ட ஒழுங்குப் பல்கோணங்களில் நமக்குத் தெரிந்தவை 31. அவற்றின் பக்க எண்ணிக்கைகள் 4294967295-இன் வகுத்திகளேதான், 1 நீங்கலாக. ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அது போதுமானது என்பதை காஸ் 1801-இல் வெளியிட்டார். அவசியமானது என்பதை வான்செல் 1837-இல் நிறுவினார். 641 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அப்படி வரைய முடியாது: 640-இல் 5 காரணியாக இருப்பதால் 641 ஃபெர்மா எண் அல்ல.

சுழற்சி:

பயன் பற்றி இன்னும் ஒன்று சேர்க்கிறேன். என் பார்வையில் இந்தக் காரணிப் பட்டியல் உண்மையாகவே தேவைப்படும் இடம் தற்போக்கு எண் உருவாக்கிகள்.

ஜார்ஜ் மார்சாலியா 2003-இல் வெளியிட்ட எக்ஸார்-ஷிஃப்ட் முறையில் 64 பிட் நிலை ஒன்று இருக்கும். அதை இடப்பக்கம் 13 இடம் நகர்த்தித் தன்னோடு எக்ஸார் (இரு பிட்கள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0), பிறகு வலப்பக்கம் 7, மறுபடி இடப்பக்கம் 17. நிலை 0 ஆக இருந்தால் என்றைக்கும் 0 தான். அது தவிர்த்த 2^64 − 1 நிலைகளும் ஒரே சுழற்சியில் வரும். 13, 7, 17-க்குப் பதில் கைக்கு வந்த எண்களைப் போட்டால் சுழற்சி துண்டு துண்டாக உடையலாம். வெளியீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நொடிக்கு ஒரு படி போனால் முழுச் சுற்றுக்குச் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். நொடிக்கு நூறு கோடி படிகள் என்றாலும் 584 ஆண்டுகள்.

சோதிக்கும் முறை இது. ஒரு படியை 0, 1 மட்டும் கொண்ட 64 × 64 அணியாக எழுதுங்கள். அதை 64 முறை வர்க்கப்படுத்தினால் மீண்டும் அதே அணி வர வேண்டும். வந்தால் சுழற்சியின் நீளம் 2^64 − 1-இன் ஏதோ ஒரு வகுத்தி. பிறகு ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றாலும் 2^64 − 1-ஐ வகுத்து, அந்த அடுக்குக்கு அணியை உயர்த்துங்கள். ஏழிலும் அலகு அணி வரவே கூடாது. பிட்டெண்ணி கொடுத்த முதல் ஐந்து ஈவுகளோடு இன்னும் இரண்டு: 641-க்கு 28778071877862015, 6700417-க்கு 2753074036095.

4294967297-ஐப் பகா எண் என்று நினைத்து அதன் ஈவான 4294967295-ஐ மட்டும் சோதித்தால் ஓட்டை விழும். நீளம் 28778071877862015 உள்ள சுழற்சி, அதாவது முழுச் சுற்றில் 641-இல் ஒரு பங்கு, அந்தச் சோதனையில் தேறிவிடும். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

முழுச் சுழற்சி தரும் இருமப் பல்லுறுப்புக்கோவைகள் எத்தனை என்பதும் காரணிகளிலிருந்தே வரும். 2^64 − 1-ஐ விடச் சிறிய, அதற்குச் சார்பகா எண்கள் (1 தவிர அதனோடு பொதுக் காரணி இல்லாதவை) 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520; பாதிக்குச் சற்றே குறைவு. 64-ஆல் வகுத்தால் 143890337947975680. படி 64 உள்ள முதன்மைப் பல்லுறுப்புக்கோவைகள் இத்தனை.

இன்னொரு பொறி: மதிப்புகளைக் கூட்டம் கூட்டமாக எடுப்பது. முப்பரிமாணப் புள்ளிக்காக மூன்று மூன்றாக எடுத்தால், 3 ஒரு காரணி என்பதால் மூன்றில் ஒரு பங்கு புள்ளிகள் வந்ததுமே வரிசை திரும்பத் தொடங்கும். ஐந்து, பதினைந்து, பதினேழுக்கும் இதே கதி. இரண்டு, நான்கு, ஏழு என்று எடுத்தால் பொதுக் காரணி இல்லை. முழு நீளமும் கிடைக்கும்.

இருமன்:

128 பிட் நிலைக்கு இதே சோதனை செய்வதானால் 2^128 − 1-இன் காரணிகள் வேண்டுமே. அதையும் கையால் பெற முடியுமா?

பகாவழி:

ஏழு ஏற்கனவே கையில் இருக்கிறது; கூடுதலாக வருவது 2^64 + 1 = 18446744073709551617 மட்டுமே. அதன் பகாக் காரணிகள் 256 × ம + 1 வடிவில் இருக்க வேண்டும். ம = 1071 வரை போனால் 274177 சிக்கும். மற்றது 67280421310721. லாந்திரி 1880-இல் இதைக் கையாலேயே உடைத்தார், ஆனால் 641 போல ஒரு மாலையில் முடியும் வேலை இல்லை. ஆக 2^128 − 1-க்கு ஒன்பது பகாக் காரணிகள், சோதனையும் ஒன்பது. 256 பிட்டுக்குப் போனால் 2^128 + 1 வேண்டும்: 59649589127497217 × 5704689200685129054721. அதை மாரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970-இல் கணினியில் தொடர் பின்ன முறையால் உடைத்தார்கள். அதையும் சேர்த்தால் பதினொன்று.